பழைய வீட்டை விற்க நமக்காக நிற்கும் ஏஜென்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வியில் இருந்த விவரம் இவ்வளவுதான்: திருச்சியில் ஒரு பழைய வீடு, விற்க வேண்டும், கேட்பவர் வெளியூரில் இருக்கிறார், "நமக்காக நிற்கும்" ஏஜென்ட் வேண்டும்.

அந்த "நமக்காக நிற்கும்" என்ற இடத்தில்தான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நம்ம ஊரில் புரோக்கர் யாருக்காகவும் நிற்பதில்லை. நடுவில் நிற்பார். விற்பவனிடம் ஒரு பர்சன்ட் அல்லது இரண்டு, வாங்குபவனிடமும் அதே. இரண்டு கையிலும் காசு வாங்குகிறவர் எந்தப் பக்கம் சாய்வார் என்றால், எந்தப் பக்கம் சாய்ந்தால் சீக்கிரம் பத்திரம் முடியுமோ அந்தப் பக்கம். இதைத் தப்பு என்று சொல்லவில்லை, அவர் தொழில் அது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்பவே சொல்லிவிடுகிறேன்: "புரோக்கர் எல்லாம் திருடனா?" என்று கமென்ட்டில் சண்டைக்கு வர நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வரவும். என் மைத்துனரே இந்தத் தொழிலில்தான் இருக்கிறார். (அவரிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். தீபாவளிக்கு முகம் பார்க்க வேண்டும்.)

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் அது அப்பா கட்டிய வீடாகத்தான் இருக்கும். பூட்டிக் கிடக்கும். மாதம் ஒருமுறை யாராவது போய் ஜன்னல் திறந்து வைப்பார்கள். எங்கள் கதையும் அதுதான். அப்பா திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1986இல் காட்டூர் பக்கம் 5 சென்ட் மனை வாங்கி, கூட்டுறவு சங்கத்தில் லோன் போட்டுக் கட்டினார். 2021இல் அவர் போனதும் அம்மாவை ஓசூருக்குக் கூட்டி வந்துவிட்டேன். அடுத்த வருடம் விற்பது என்று முடிவானது.

முதல் புரோக்கரைக் கூட்டி வந்தது என் சித்தப்பா. வெள்ளைச் சட்டை, இரண்டு போன், ஒன்று எப்போதும் காதில். வீட்டுக்குள் வந்து ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. "சார், 95 லட்சத்துக்கு முடிச்சுத் தர்றேன், சாவியைக் குடுங்க" என்றார். பத்திரம் பார்க்கவில்லை. பட்டா கேட்கவில்லை. எத்தனை வருஷக் கட்டடம் என்று கூடக் கேட்கவில்லை. நான் மயங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நாம் கேட்க விரும்பும் விலையைச் சொல்கிறவர் மீது ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

இரண்டு மாதம் ஒரு பார்ட்டியும் வரவில்லை. பிறகு போன் வந்தது. "சார், ஒரு சின்னப் பிரச்சினை. நம்ம வீட்டுக்கு எதிர்ல ஒரு சந்து வந்து முட்டுது பாருங்க, அது தெருக்குத்து. எல்லாரும் யோசிக்கிறாங்க. உங்களுக்குக் கைக்கு 65 நிக்கிற மாதிரி பண்ணிடறேன். அதுக்கு மேல வர்றதை நாங்க பாத்துக்கறோம். கமிஷன்கூட நீங்க தர வேணாம்."

இந்தக் கடைசி இரண்டு வரியை நன்றாகப் படியுங்கள். தொழிலில் இதற்கு நெட் ரேட் என்று பெயர். கமிஷன் வேண்டாம் என்று ஒரு புரோக்கர் சொன்னால், கமிஷனைவிடப் பெரியதாக ஏதோ ஒன்றைக் கண்ணில் பார்த்துவிட்டார் என்று பொருள்.

அதோடு இன்னொரு யோசனையும் சொன்னார். 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஆறு மாதக் கெடுவில் அக்ரிமென்ட் போட்டுக்கொள்வாராம், வாங்குபவர் பெயர் இருக்கும் இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டுவிடலாமாம். "நீங்க வெளியூர்ல இருக்கீங்க, எதுக்கு அலையணும், ஒரு பவர் எழுதிக் குடுத்துட்டாக்கூடப் போதும்." இதற்குத் தலையாட்டியிருந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஆறு மாதம் என் வீடு அவர் பையில். 2 லட்சத்தை வைத்துக்கொண்டு 80க்கோ 90க்கோ ஆள் தேடுவார். கிடைத்தால் பத்திரம் நேராக அந்த ஆள் பெயருக்குப் போகும், நடுவில் உள்ள தொகை அவருக்கு. கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு இழுப்பார். வெளியூரில் இருப்பதால் உங்களுக்கும் இந்தப் பவர் பேச்சு கட்டாயம் வரும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ரத்த சொந்தத்துக்குக் கொடுங்கள். விற்றுத் தருகிறவருக்கே விற்கும் அதிகாரத்தையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

நான் "யோசிச்சுச் சொல்றேன்" என்று இழுத்தேன். அதற்குள் அவர் ஒரு குடும்பத்தை வீடு பார்க்கக் கூட்டி வந்தார். நான் அன்றைக்கு ஊரில்தான் இருந்தேன், அது அவருக்குத் தெரியாது. பின்பக்கம் அடுப்படியில் பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தில் யாரோ சந்தைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கு என் புரோக்கர் சொன்ன பதில் இது: "ஐயோ, அது தெருக்குத்து இல்லீங்க, தெருப்பார்வை. ஈசானிய மூலைக்குத் தெருப்பார்வை அமையறது கோடியில ஒருத்தருக்குத்தான்." அதே சந்துதான். எனக்குக் குத்து, அவர்களுக்குப் பார்வை.

கையில் இட்லிக் கொப்பரையோடு அப்படியே நின்றேன். அந்த வீட்டம்மா அடுப்படி பார்க்க உள்ளே வந்தார். என்னைப் பாத்திரக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, "தம்பி, 88ங்கிறது கொஞ்சம் அதிகம் இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். 88! எனக்கு 65.

புரோக்கரும் பின்னாலேயே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் காதில் இருந்த போனை எடுத்து, யாரும் பேசாத அந்தப் போனில் "அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்தார். மனிதர் முகம் மாறவில்லை, அதை மட்டும் பாராட்ட வேண்டும்.

சித்தப்பா இன்றுவரை "நீ அவசரப்பட்டுட்ட" என்கிறார். அவருக்கு அதில் எவ்வளவு பங்கு பேசியிருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு இணையதளத்தில் நானே விளம்பரம் போட்டேன். "ஓனரா பேசறீங்க?" என்று ஆரம்பித்து ஒரு வாரத்தில் 61 அழைப்பு. அதில் வாங்குபவர் இரண்டு பேர், மற்றதெல்லாம் புரோக்கர்கள். நம்பிக்கையாகப் பேசிய ஒருவருக்குப் பத்திரத்தின் ஜெராக்ஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஓசூரில் என் பக்கத்து சீட்டுக்காரர், "உங்க ஊர்ல நல்ல இடம் வருதாம் பாருங்க" என்று ஒரு பார்வர்டு காட்டினார். என் அப்பாவின் கையெழுத்தோடு என் வீட்டுப் பத்திரம். விலை 98 லட்சம். எத்தனை கை மாறி வந்ததோ, ஒவ்வொரு கையும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறது. ஜெராக்ஸ் கொடுத்தால் குறுக்கே கோடு போட்டு, யாருக்கு, என்ன தேதியில், எதற்காகக் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள்.

சரி, நல்ல ஆளைக் கண்டுபிடித்தேனா? கண்டுபிடித்தேன், ஆனால் தேடி அல்ல. எங்கள் தெரு முனையில் ஒரு அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். சுற்றியுள்ள மூன்று தெருவில் வீடு வாடகைக்கு, விற்பனைக்கு என்றால் அவருக்குத் தெரியாமல் நடக்காது. போர்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் போனேன். மெஷினில் இருந்து காலை எடுக்காமலே கேட்டார்:

"பத்திரம் இருக்கட்டும் தம்பி. பட்டா காட்டுங்க."

காட்டினேன். ஜாக்கெட் துணியை ஒதுக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கூட்டுப் பட்டா. பழைய நிலத்துக்காரர் பேரு இன்னும் இருக்கு, உங்கப்பா பேரு நாலாவதா இருக்கு. உட்பிரிவு பண்ணித் தனிப் பட்டா வாங்காம நான் ஒருத்தரையும் கூட்டிட்டு வர மாட்டேன். பேங்க் லோன் போடறவங்க வந்தா அவங்க வக்கீல் இதைத்தான் முதல்ல கேப்பாரு." அடுத்து வில்லங்கம் கேட்டார். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழை இலவசமாகவே பார்க்கலாம் என்பதுகூட அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பார்த்தால் அப்பாவின் கூட்டுறவு சங்க அடமானம் அப்படியே நிற்கிறது. அப்பா 2003இலேயே கடைசித் தவணை வரை கட்டிப் பத்திரத்தை வாங்கி வந்துவிட்டார். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதை யாரும் பதிவு செய்யவில்லை. சங்கமும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை.

விலை கேட்டேன். "70லிருந்து 75. அதுக்கு மேல யாராவது சொன்னா அவங்ககிட்டயே குடுங்க." கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் போன மாதம் அந்த வரிசையில் எந்த வீடு எவ்வளவுக்குப் போனது, அதில் எவ்வளவு இடத்துக்கு, எவ்வளவு கட்டடத்துக்கு என்று விரல்விட்டுச் சொன்னார். 1986 கட்டடத்துக்கு யாரும் தனியாகக் காசு தர மாட்டார்கள் என்றார். அப்பா ஒவ்வொரு செங்கலையும் தட்டிப் பார்த்து வாங்கியவர். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பா பெயரில் ஒரு மூன்று சுழி "ண" உண்டு. பத்திரத்தில் சரியாக இருக்கிறது. கணினிப் பட்டாவில் இரண்டு சுழி "ன". வாரிசுச் சான்றிதழில் "ண" திரும்பி வந்துவிட்டது, ஆனால் "ச" போய் "ஷ" வந்துவிட்டது. ஆக மூன்று காகிதத்தில் மூன்று அப்பா. "மூவரும் ஒருவரே" என்று சான்று வாங்க நான் ஓசூரிலிருந்து நான்கு முறை பஸ் ஏறினேன். தமிழ்நாட்டில், தமிழ் அலுவலகத்தில், தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் தட்டி மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். கவுன்ட்டரில் இருந்த தம்பி "எந்த ன போட்டா என்ன சார்" என்றான். அவனுக்குத் திருமணப் பத்திரிகை அடிக்கும்போது அவன் பெயரில் யாராவது சுழியை மாற்ற வேண்டும்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். உட்பிரிவு, சர்வேயர் அளவு, அடமான ரசீது எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவர் ஒரு பார்ட்டியைக்கூடக் கூட்டி வரவில்லை. எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. பிறகு நாற்பது பக்க நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினோம். என்னிடம் ஒரு பர்சன்ட், அதுவும் பத்திரம் பதிந்த அன்றுதான். எதிர்த் தரப்பில் எவ்வளவு வாங்குகிறார் என்பதை எனக்குச் சொல்லிவிட வேண்டும். விலைப் பேச்சு நானும் வாங்குபவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து. மூன்று மாதம் நான் வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, அது அவர் கேட்டது. கோர்ட்டில் அந்தத் தாள் செல்லுமா என்று வக்கீல்கள் கிளம்ப வேண்டாம். முதல் புரோக்கரிடம் இப்படி ஒரு தாள் நீட்டியபோது "நம்பிக்கை இல்லையா சார்" என்று முகத்தைச் சுளித்தார். அக்கா பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, "எங்க போடணும்?" என்றார். எனக்கு அது போதும்.

எல்லாரும் சொல்கிறார்களே என்று "ரெரா பதிவு இருக்கா?" என்றும் அவரிடம் கேட்டேன். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி (அதைத்தான் சுருக்கமாக ரெரா என்கிறார்கள்) அந்தப் பதிவு, புரமோட்டர் விற்கும் புதுத் திட்டங்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத் தரும் ஏஜென்ட்டுகளுக்கு. நம்மைப் போல் பழைய வீட்டை விற்பவருக்கு அது அளவுகோல் இல்லை. நீங்களே புது ஃபிளாட் வாங்கப் போனால் கட்டாயம் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

கடைசியில் 72க்கு முடிந்தது. முழுவதும் பேங்க் மூலம். இதற்கும் என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள். இடையில் வந்த ஒரு பார்ட்டி, அரசு நிர்ணயித்த கைடுலைன் மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியைக் கையில் தருகிறேன் என்றது. 2023இல் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆன பிறகும், முத்திரைத் தீர்வை 7 சேர்த்து 9 ஆகிறதே என்று அவர்களுக்குக் கணக்கு. ஆனால் சொத்து விற்று 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அபராதம் அந்த ரொக்கத்தை வாங்கிய விற்பவனுக்கு, வாங்கிய தொகை அளவுக்கே. அவர்கள் மிச்சம் பிடிக்க நான் ஏன் மாட்ட வேண்டும்? அக்காவும் "வேணாம் தம்பி, அவங்களை அனுப்பிடுங்க" என்றார். அவருக்கு அதில் கமிஷன் போனது, இருந்தும் சொன்னார்.

வாங்கியது யார் தெரியுமா? அடுப்படியில் என்னிடம் 88 அதிகம் இல்லையா என்று கேட்டார்களே, அந்தக் குடும்பம்தான். அந்த அம்மா அக்காவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்.

பின்சேர்க்கை: அந்த அக்காவின் நம்பர் கேட்டு நிறையப் பேர் உள்பெட்டிக்கு வருகிறீர்கள். அவரிடமே கேட்டுப் பார்த்தேன். மூன்று தெருவைத் தாண்டி எடுப்பதில்லையாம். "அங்க யாரு வீடு எவ்வளவுக்குப் போச்சுன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்கிறார். உங்கள் தெருவில் தையல் கடை இருக்கிறதா பாருங்கள்.