ரியோகானில் சைவ உணவு: 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது

வணக்கம். மீனும் முட்டையும் உண்ணாத தாயாருடன் ஜப்பானின் ஹக்கோனேயில் ஒரு ரியோகானில், அதாவது பாரம்பரிய ஜப்பானிய விடுதியில், இரண்டு இரவுகள் தங்கவிருப்பதாகவும், 'சைவம்' என்று குறிப்பிட்டால் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது.

அங்கே சமையலுக்கு அடிப்படையே 'தாஷி' என்னும் சாறுதான். புகையூட்டி உலர்த்திய சூரை மீனை மரச்சீவல் போல மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் இட்டு வடிகட்டுவதால் கிண்ணத்தில் மீன் கண்ணில் படாது. ஆனால் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், வேகவைத்த முள்ளங்கி, சோயாப்பால் கட்டியான டோஃபுவின் மேல் ஊற்றும் சாறு என எதிலும் அது கலந்திருக்கக்கூடும். ஆகவே இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி ஆகிய நான்கையும் பெயர் சொல்லி, ஜப்பானிய மொழியில் எழுதி இப்போதே அனுப்பிவிடுங்கள். 'கைசெகி' என்னும் பல பதார்த்த விருந்துக்கான பொருள்களை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள் என்பதால், போய் இறங்கிய பிறகு சொன்னால் சமையற்காரர் மனம் வைத்தாலும் மாற்றுவது கடினம். இயலாது என்று பதில் வந்தால், உணவு சேராத அறையாக மாற்றித் தரக் கேளுங்கள்.

அடுத்து ஒசாகா செல்வதாக எழுதியிருப்பதால், ஓர் இரவையாவது வகயாமா மாகாணத்துக் கோயாசான் மலைக்கு ஒதுக்குங்கள் என்று மனதாரச் சொல்வேன். அங்கே சுமார் 50 புத்தக் கோயில்கள் பயணிகளுக்கு அறை தருகின்றன. துறவிகளின் 'ஷோஜின்' உணவுக்கு 'கொம்பு' என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷிட்டாகே காளானிலுமே சாறு எடுக்கிறார்கள். வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. எள்ளை அரைத்துக் காய்ச்சி உறையவைத்த எள் டோஃபு, தொட்டால் அல்வாவைப் போல நடுங்கும். தாயார் தயங்காமல் உண்ணலாம். இரவு உணவு மாலை 6 மணி வாக்கிலேயே வந்துவிடும் என்பதால், ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நண்பகலுக்குள் ரயில் ஏறிவிடுங்கள்.