அன்பில் முன்னுரிமை உண்டா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எல்லாரையும் நேசிக்கப் பணிக்கப்பட்ட கிறிஸ்தவர், தம் தாயை அயலாரைவிட மிகுதியாக நேசிப்பது குற்றமா?

பதில்: குற்றமன்று. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், 13ஆம் நூற்றாண்டில் எழுதிய தம் இறையியல் தொகுப்பில், அன்பின் ஒழுங்கை ஆராய்வதற்கென்றே ஒரு ‘வினாவை’ (நூலின் ஒரு பகுதியை) முழுமையாக ஒதுக்கியுள்ளார். எல்லாருக்கும் ஒரே நன்மையை, அதாவது இறைவனோடு வாழும் பேரின்பத்தை, விரும்புவதால் அன்பு சமமானது என்றும், நெருக்கத்திற்கேற்ப அவ்விருப்பத்தின் தீவிரம் வேறுபடுவது முறையே என்றும் அவர் கூறுகிறார். ஆனால் பிறிதோரிடத்தில், கடுந்தேவையில் தவிக்கும் அந்நியருக்கு, அத்தகைய தேவையில்லாத தந்தைக்கு முன்பாகவே உதவ வேண்டும் என்கிறார். முன்னதை மட்டும் எடுத்துக்காட்டிப் பின்னதை விட்டுவிடுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: அன்பைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களில் அகாப்பே தெய்வீக அன்பு, பிலியா வெறும் நட்பு அல்லவா?

பதில்: சொற்பட்டியலிலிருந்து அறவியலைக் கட்டாதீர்கள். பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில், தாமாரைக் கெடுத்த, தாவீதின் மகன் அம்னோனின் இச்சைக்கும் அகாப்பே என்ற சொல்லே வருகிறது. தந்தையாகிய கடவுள் மகன் இயேசுவிடம் கொண்ட அன்பைச் சொல்ல, யோவான் நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில் அகாப்பேயின் வினைச்சொல்லையும் 5ஆம் அதிகாரத்தில் பிலியாவின் வினைச்சொல்லையும் ஆள்கிறது.

கேள்வி: என் திருமணம் செல்லாது என அறிவிக்க முடியுமா?

பதில்: இது திருச்சபைச் சட்டம் சார்ந்தது, உங்கள் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தை அணுகுங்கள்.

கேள்வி: அக்குவினாஸைப் பற்றிய தங்கள் பதிலை ஏற்க இயலவில்லை. நண்பரைத் தேர்ந்து நேசிப்பது மறைமுகமான தன்னலமே என்று டென்மார்க் மெய்யியலாளர் கீர்க்ககார்ட் காட்டவில்லையா?

பதில்: நல்ல தடை. நண்பர் ‘மற்றொரு நான்’ என்றால், அவரை நேசிப்பவர் தம்மையே நேசிக்கிறார் என்று 1847இல் வெளிவந்த நூலில் கீர்க்ககார்ட் வாதிட்டது உண்மை. ஆயினும் அவர் நட்பை ஒழிக்கச் சொல்லவில்லை. மனைவியும் நண்பரும் முதலில் ‘அயலாராக’, அதாவது நேசிக்கும்படி விவிலியம் பணிக்கும் சக மனிதராக, நேசிக்கப்பட வேண்டும் என்கிறார். இந்த அயலாரைத் தமிழில் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘பிறன்’ என்றும், பிந்தைய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘அடுத்திருப்பவர்’ என்றும் சொல்கிறது. கீர்க்ககார்டுக்கு முதற்சொல்லும் அக்குவினாஸுக்கு இரண்டாவதும் உகந்ததாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: அகாப்பேக்கும் பிலியாவுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: மேலே உள்ள இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி (முன்னர்த் தடை எழுப்பியவர்): இறந்தவரை நினைவுகூர்வதே தன்னலமற்ற அன்புக்கு உரைகல் என்றும் கீர்க்ககார்ட் சொல்கிறாரே. அதில், பண்டைய இறையியலாளர் புனித அகுஸ்தீன் தேறுவாரா?

பதில்: இளமையில் தேறவில்லை. நண்பர் இறந்தபின், அவரைத் தேடும் கண்களுக்குத் சொந்த ஊரான தகாஸ்தேயே தாங்க முடியாததாகிவிட, கார்த்தேஜுக்கு ஓடி, அங்கே புதிய நண்பர்களிடம் ஆறுதல் கண்டதாக ‘அறிக்கைகள்’ என்னும் தம் நூலில் அவரே அறிக்கையிடுகிறார். அழுததை அன்று, சாகப்போகிறவரைச் சாகாதவர்போல் நேசித்ததையே தம் பிழையாகக் கருதினார். ஆனால் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்தும் அந்த மரணத்தைப் பக்கம் பக்கமாக எழுதியவரை மறந்துவிட்டவர் என்று எப்படிச் சொல்வது? இத்தனைக்கும், அந்த நண்பரின் பெயரை அந்நூலில் அவர் எங்கும் குறிப்பிடவில்லை.