குதிரைப் பண்ணையில் நடக்கும் கிறிஸ்தவ இளைஞர் முகாமுக்குத் தொண்டு செய்யப் போனால் என்ன வேலை இருக்கும்?

குதிரை சவாரியை நினைத்துத்தான் பலர் போகிறார்கள். ஆனால் தட்டு கழுவுவது, அறை பெருக்குவது, லாயத்தில் சாணம் அள்ளுவது என்றே பெரும்பாலான நேரம் போகும். அமெரிக்காவில் 1941-இல் தொடங்கிய யங் லைஃப் என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பின் முகாம்களில் பள்ளி மாணவர்கள் சம்பளமில்லாமல் இப்படிப்பட்ட வேலைகளைத்தான் செய்கிறார்கள்.

லாயத்து வேலை கிடைத்தால் அதிகாலையிலேயே எழ வேண்டும். ஒரு குதிரை நாளுக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க வேண்டும். சேணத்தின் வாரை ஒருமுறை இறுக்கினால் போதாது. சில குதிரைகள் அப்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். பிள்ளைகள் ஏறுமுன் மறுபடி இறுக்குங்கள், இதை மட்டும் மறக்கவே கூடாது.

அப்புறம் மாலையில் பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம். வேலியோரம் நின்று ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிப் பேசுவதைக் கேட்பதுதான் பெரிய ஊழியம் என்பேன். அதற்குக் கொஞ்சம் தெம்பு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.