கல்லூரியில் மகளை சாப்ட்பால் அணிக்குக் கூப்பிடுகிறார்கள். கிரிக்கெட் இருக்கும்போது இதை ஆடி என்ன லாபம்?

"லாபம்" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. உடற்கல்வி ஆசிரியர் கூப்பிட்டிருப்பார், மகளுக்கும் ஆசை இருக்கும். "கிரிக்கெட்டுன்னா டிவியிலயாவது வரும், இது பேரே யாருக்கும் தெரியாதே" என்று வீட்டில் இழுத்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சாப்ட்பால் என்றால் பேஸ்பால் மாதிரி ஓர் ஆட்டம்; பந்தை அடித்துவிட்டு நான்கு பேஸ்களையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்தியாவுக்கு ஆடியவள் இல்லை. கேரளாவில், பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பெண். காலிகட் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் கேட்சராக, அதாவது கிரிக்கெட் கீப்பர் மாதிரி பேட் பிடிப்பவளுக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவளாக இருந்தேன், பல்கலை அணி வரைக்கும் போனேன். அவ்வளவுதான். "நீ யாரு இதைச் சொல்ல" என்று கீழே வந்து கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கிரிக்கெட் பிடித்தவர்களும் சண்டைக்கு வர வேண்டாம், நானும் பார்ப்பவள்தான்.

பேர் தெரியாத விளையாட்டு என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1996 அட்லாண்டாவிலிருந்து 2008 பெய்ஜிங் வரை பெண்கள் சாப்ட்பால் ஒலிம்பிக்கில் இருந்தது. பிறகு எடுத்தார்கள், டோக்கியோவில் சேர்த்தார்கள், பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி வருகிறது. அதே லாஸ் ஏஞ்சலஸில்தான் உங்கள் கிரிக்கெட்டும் வருகிறது. பெய்ஜிங்கில் ஜப்பானின் உவேனோ யூகிகோ இரண்டே நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக் கொடுத்தார். டோக்கியோவில் 39 வயதில் வந்து மறுபடியும் தங்கம்.

சுலபமான ஆட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. இங்கே பந்து வீசும் பிட்சர் நிற்பது 43 அடியில். கையைக் கீழிருந்து ஒரு முழுச் சுற்று சுற்றி விடுவார்கள். அமெரிக்காவின் மோனிகா அபட் 2012-ல் மணிக்கு 77 மைல், அதாவது சுமார் 124 கிலோமீட்டர் வேகத்தில் வீசியிருக்கிறார். எங்கள் கல்லூரி சேச்சிகள் அந்த வேகமெல்லாம் இல்லை. ஆனாலும் யோசித்து அடிக்க நேரம் கிடைக்காது.

எனக்குக் கேட்சர் இடம் கிடைத்ததே வேறு யாரும் வராததால்தான். மாஸ்க், செஸ்ட் கார்டு, லெக் கார்டு எல்லாம் எல்லோருக்கும் பொது. முன்னால் போட்ட சேச்சியின் வேர்வை காயாமலே நாம் மாட்ட வேண்டும். கேரளாவில் கரிசல் மண் இருப்பது எங்கள் சித்தூர் தாலுகாவில்தான். மழையென்றால் ஷூவோடு ஒட்டிக்கொண்டு வரும், வெயிலென்றால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பந்துக்கே தெரியாது.

காற்று வேறு. மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பார்கள், நமக்குக் கார்த்திகை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து அடிக்கும். பேட்டின் மேல் விளிம்பில் பட்டு நேரே தலைக்கு மேல் எழும் பந்துதான் கேட்சருக்குச் சோதனை. பின்னால் போவது போல் போய்ச் சுழற்சியில் மைதானத்துக்குள்ளேயே திரும்பி வரும். அதனால் பிட்சருக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுவார் சார். மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்திரு, பந்து கண்ணில் பட்ட பிறகு எதிர்ப்பக்கம் வீசு, இல்லாவிட்டால் அதையே மிதித்து விழுவாய் என்பார். காற்று அடிக்கிற சாயங்காலமாகப் பார்த்துத்தான் இதைப் பழக்குவார்.

இன்னொன்றும் மண்டையில் ஏற்றினார். பேட்டைச் சுழற்றிப் பந்தைத் தவறவிட்டாலோ நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவுட். ஆனால் மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் கீழே விட்டுவிட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தாலோ இரண்டு பேர் அவுட்டாகியிருந்தாலோ, பேட் பிடித்தவள் முதல் பேஸுக்கு ஓடலாம். பந்து போய்ச் சேருவதற்குள் தொட்டுவிட்டால் அவுட் இல்லை.

அப்பா பார்க்க வந்தது ஒரே ஒரு ஆட்டத்துக்கு. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, எங்கள் மைதானம். ஏழாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால் இருக்கிறோம், இரண்டு அவுட், மூன்றாவது பேஸில் எங்கள் பிள்ளை ஒருத்தி. பேட்டோடு நிற்பது நான். கடைசிப் பந்து டிராப் பால், கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது. காற்றில் ஒரு சுழற்று. ஸ்ட்ரைக் மூன்று. அந்தப் பக்கம் எல்லோரும் கத்திக்கொண்டு உள்ளே ஓடி வருகிறார்கள். பந்தோ வெடிப்பில் பட்டுக் கேட்சரின் முழங்காலைத் தாண்டி உருண்டது. நான் பேட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். வேலியோரத்திலிருந்து அப்பா குரல்: "ஏம் புள்ள, அவுட்டுன்னு சொல்லிட்டாங்கல்ல, எதுக்கு ஓடற? வந்துரு சாமி!" பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். நான் பேஸைத் தொடாவிட்டால் மூன்றாவது பேஸிலிருந்து வந்தவளின் ரன்னும் செல்லாது. தொட்டேன். ஆட்டம் சமன்.

கூடுதல் இன்னிங்ஸில் தோற்றோம், அது வேறு. ஆனால் அன்றிலிருந்து அப்பா டீக்கடையில் உட்கார்ந்து அவுட்டானவள் எப்படி ஓடலாம் என்று ஊருக்கே விதி சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் கேட்ட லாபக் கணக்கில் இதை எங்கே எழுதுவது?

சரி, வேலை கிடைக்குமா என்றுதானே கேட்கிறீர்கள். கூடப் படித்தவர்களில் சிலருக்குச் சான்றிதழ் உதவியது. எனக்கு இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய் நீட்டினேன், புரட்டிப் பார்த்துவிட்டு "நீங்க கேரளாவாச்சேம்மா" என்றார்கள். கேரளப் பக்கம் நேர்காணலுக்குப் போனால், என் மலையாளத்தைக் கேட்டதும் முதல் கேள்வி "தமிழ்நாட்டில் எவிடயா?" ரேஷன் கார்டு கேரளா, காய் போடுவது வேலந்தாவளம் சந்தை, பெண் கொடுத்தது எடுத்தது எல்லாம் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு. தேர்தல் வந்தால் மட்டும் நாங்கள் எந்த ஊர் என்று எல்லாக் கட்சிக்கும் தெளிவாகத் தெரியும். நீங்கள் கேட்டது இதையில்லை, தெரியும். எழுத வந்தால் இதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது.

மகளை அனுப்புங்கள். ஸ்லைடு பழகும்போது தொடை உரியும், டிராக் பேன்ட்டுக்குள் இன்னொன்று போடச் சொல்லுங்கள். இடது கையால் எறிகிறவள் என்றால் கிளவுஸை மட்டும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், கல்லூரிப் பெட்டியில் அது அநேகமாக இருக்காது.