ஆரக்கிள் பார்க் பேஸ்பால் கிரவுண்டுல ரைட் ஃபீல்டு (வலது பக்கம்) 309 அடிதான், அப்புறம் ஏன் ஹோம் ரன் (பந்து சுவரைத் தாண்டிப் போற அடி) கம்மி?

309 அடிங்கிறது ஃபவுல் போல், அதாவது மைதான எல்லைக் கம்பம் நிக்குற மூலைக்கு மட்டும்தாங்க, அத வெச்சு ஆரக்கிள் பார்க்ல ஹோம் ரன் கொட்டணும்னு நீங்க போட்ட கணக்குதான் இடிக்குது. அங்க சுவரே 24 அடி உயரம், ஜயன்ட்ஸ் டீம் ஜாம்பவான் வில்லி மேஸோட ஜெர்சி நம்பருக்கு மரியாதையா கட்டுனது, அப்படியே சென்டர் பக்கம் நகர்ந்தா தூரம் 415 அடிக்குப் போயிடும், அந்த இடத்துக்குப் பேரே ட்ரிபிள்ஸ் ஆலி, ஹோம் ரன்னுக்குப் பதிலா மூணு பேஸ் ஓடற ட்ரிபிள் கிடைக்கிற சந்து.

கூடவே சான் ஃபிரான்சிஸ்கோ குளிர். குளிர்ந்த காத்து அடர்த்தி ஜாஸ்தி, பந்து சீக்கிரம் வேகம் இழந்துடும்.

பேஸ்பால் சவன்ட்ங்கிற புள்ளிவிவர சைட்ல பார்க் ஃபேக்டர்ஸ் (ஒரு கிரவுண்டு பேட்டருக்கு எவ்ளோ சாதகம்னு காட்டுற எண்) எடுத்து, ரைட் ஃபீல்டு பக்கம் அதிகமா தூக்கி அடிக்கிற இடது கை பேட்டர்களுக்கு மட்டும் ஹோம் ரன் நம்பர் பாருங்க, 100தான் சராசரி, அதுக்குக் கீழன்னா கம்மி.

ஆனா ஜயன்ட்ஸோட இடது கை பேட்டர் பாரி பாண்ட்ஸ் 35 தடவ ரைட் ஃபீல்டு சுவருக்கு வெளிய இருக்கற கடல் தண்ணில நேரா போட்டத வெச்சு முடிவு பண்ணாதீங்க, அவரு கதையே வேற!

பழைய டேட்டா பாக்கறப்ப ஜாக்கிரதை: 2000ல பசிபிக் பெல் பார்க்னு தொறந்தது, அப்புறம் எஸ்பிசி, ஏடி அண்ட் டி, எல்லாம் ஒரே கிரவுண்டுதான். 2020க்கு முன்னாடி அந்த 415, 421ஆ இருந்துச்சு.