தலையைப் பார்த்து வகை பிரிப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக அரபி இலக்கணம் படிக்கிறேன். 'காம ஸைதுன்' (எழுந்தான் ஸைத்) ஜும்லா ஃபிஅலிய்யா, அதாவது வினை வாக்கியம். அதையே 'ஸைதுன் காம' என்று திருப்பிப் போட்டால் ஜும்லா இஸ்மிய்யா, பெயர் வாக்கியமாம். வினைச்சொல் அப்படியேதானே இருக்கிறது? உஸ்தாதைக் கேட்டால், "சட்டம் அப்படி" என்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாம் பயனிலையைப் பார்த்தே பழகியவர்கள். 'அவன் வந்தான்', 'வந்தான் அவன்' இரண்டுமே நமக்கு வினைப் பயனிலைதான். அரபி இலக்கணத்தின் பஸ்ரா மரபினர் வாக்கியத்தின் தலையைப் பார்த்தார்கள். அதற்குக் காரணமும் உண்டு.

'ஜாஅ அர்ரிஜாலு' (வந்தனர் ஆண்கள்) என்னும்போது வினை ஒருமையிலேயே நிற்கும். 'அர்ரிஜாலு ஜாஊ' என்று திருப்பினால் பன்மையாகிவிடும். கடைசியில் ஒட்டிய அந்த 'ஊ'தான் ஃபாயில், நம் வினைமுதல், என்றார்கள். அப்படியானால் 'ஜாஊ' தன்னளவில் ஒரு முழு வாக்கியம். முன்னால் நிற்கும் 'ஆண்கள்' முப்ததா (எழுவாய்), இந்தக் குட்டி வாக்கியம் அதன் கபர் (பயனிலை). உங்கள் 'ஸைதுன் காம'விலும் 'காம'வுக்குள் ஓர் 'அவன்' ஒளிந்திருக்கிறான். இப்படி வாக்கியத்தைச் சுமக்கும் வாக்கியத்தை 14ஆம் நூற்றாண்டின் இலக்கண அறிஞர் இப்னு ஹிஷாம் 'குப்ரா' (பெரியது) என்றும், உள்ளே இருப்பதை 'ஸுக்ரா' (சிறியது) என்றும் பிரித்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் 'சட்டம்' என்பது கொஞ்சம் அதிகம். வினைமுதல் வினைக்கு முன்னாலும் வரலாம் என்பது பஸ்ராவுக்குப் போட்டியான கூஃபா மரபின் கருத்தாகச் சொல்லப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் இலக்கண அறிஞர் மஹ்தி அல்மக்ஸூமியும், பயனிலை வினையென்றால் அது வினை வாக்கியமே என்று வாதிட்டார். உங்கள் கட்சிதான்!

இன்னொன்று. 8ஆம் நூற்றாண்டில் ஸீபவைஹி 'அல்கிதாப்' என்ற இலக்கண நூலை எழுதியபோது 'ஜும்லா' என்பது வாக்கியத்துக்கான கலைச்சொல்லே அல்ல. வாக்கியத்தின் இரு உறுப்புகளான, ஒன்றையொன்று விட்டு நிற்க முடியாத முஸ்னத், முஸ்னத் இலைஹி என்ற இணையைத்தான் அவர் பேசினார். வகைப்பாடெல்லாம் அப்புறம் வந்தது. 1144இல் மறைந்த ஸமக்ஷரி வாக்கியங்களைப் பெயர், வினை, நிபந்தனை, இட-கால வாக்கியம் என நான்காக்கினார். இப்னு ஹிஷாம் நிபந்தனையை வினை வாக்கியத்தில் சேர்த்து மூன்றாகக் குறைத்தார். ஸமக்ஷரிக்கு 'கலாம்' (பேச்சு), 'ஜும்லா' இரண்டும் ஒன்றே. இப்னு ஹிஷாம் அதையும் ஏற்கவில்லை: 'ஸைத் எழுந்தால்' என்று நிறுத்தினால் அது ஜும்லாதான், ஆனால் பொருள் முடியாததால் கலாம் ஆகாது என்றார்.

சரி, பரீட்சையில் மட்டும் இஸ்மிய்யா என்றே எழுதிவிடுங்கள்.