ஏர் ஃப்ரையரில் தினமும் சமைத்தால் கரண்ட் பில் ஏறுமா, குறையுமா?

கேள்வி: வீட்டில் நாங்கள் மூன்று பேர். இரண்டு மாதத்துக்கு முன் நான்கு லிட்டர் ஏர் ஃப்ரையர் ஒன்று வாங்கினோம். அதன் அடியில் 1500 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததிலிருந்து எடுக்கவே தயக்கமாக இருக்கிறது. தினமும் பயன்படுத்தினால் மின்கட்டணம் ஏறுமா? எதை அதில் செய்யலாம், எதை அடுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம்? இன்னொன்று, உருளைக்கிழங்கு போட்டால் மேலே கருகுகிறது, அடியில் வதங்கிக் கிடக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: 1500 வாட் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கருவி எவ்வளவு வேகமாக மின்சாரம் இழுக்கும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால்தான் யூனிட் கணக்கு வரும். 1500 வாட் கருவி 20 நிமிடம் ஓய்வில்லாமல் ஓடினால் அரை யூனிட். உண்மையில் அவ்வளவுகூட ஆகாது. வைத்த சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் கம்பிச்சுருளை அணைத்துவிடும், சூடு இறங்கியதும் மறுபடி போடும். மின்விசிறி மட்டும் விடாமல் சுற்றுவதால் முழு நேரமும் சூடேறுவதுபோல நமக்குத் தோன்றும்.

அப்படியானால் மிச்சம்தானா? இதற்கு ஒரே பதில் கிடையாது. இதுவரை எதில் செய்துகொண்டிருந்த வேலையை ஏர் ஃப்ரையருக்கு மாற்றுகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

பெரிய மின் ஓவனில் செய்ததை மாற்றினால் மிச்சம் கண்கூடாகத் தெரியும். 60 லிட்டர் ஓவன் என்றால் அத்தனை பெரிய இரும்புப் பெட்டியும் அதற்குள் இருக்கும் காற்றும் தட்டுகளும் சூடாக வேண்டும். 2000 வாட் ஓவன் 12 நிமிடம் எரிந்து சூடேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலேயே 0.4 யூனிட் போய்விட்டது. உணவை இன்னும் உள்ளே வைக்கவே இல்லை! ஏர் ஃப்ரையர் ஏறக்குறைய அதே மின்சாரத்தில் சமையலையே முடித்துவிடும். அதுவும் அடிப்படையில் ஒரு குட்டி ஓவன்தான். மேலே கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி. இடம் சிறியது, காற்று வேகமாகச் சுழல்கிறது, அதனால் நேரம் குறைகிறது. ஓவனுக்கு எழுதிய குறிப்பு கையில் இருந்தால் 20 டிகிரி குறைத்து, நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துத் தொடங்குங்கள். அப்புறம் உங்கள் கருவிக்கு ஏற்ப ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

எண்ணெயில் பொரித்ததை மாற்றினால்? இங்கே பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெயை 180 டிகிரிக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு ஏறக்குறைய சமம். அது ஒன்றும் பெரிய செலவில்லை. அதனால் வாணலியை விட்டு ஏர் ஃப்ரையருக்கு வரும்போது எரிசக்தி பெரிதாக மிச்சமாகும் என்று நான் சொல்லமாட்டேன். மிச்சமாவது எண்ணெய். அரைக் கிலோ உருளைக்கிழங்குக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். அதோடு பொரித்த எண்ணெயை என்ன செய்வது என்ற கவலையும் இல்லை. ஏர் ஃப்ரையர் வாங்க எனக்கு அதுவே நல்ல காரணமாகத் தெரிகிறது.

சோறு, பருப்பு, சூப் மாதிரித் தண்ணீரில் வேகிற எதையும் அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைச் சூடாக்கச் சூடான காற்று மிக மோசமான வழி. பாத்திரத்தின் அடியில் நேரடியாக வெப்பம் தரும் அடுப்பு, அதிலும் மூடி போட்ட குக்கர், அந்த வேலையை எளிதாகச் செய்துவிடும். ஒரு கிண்ணம் குழம்பையோ சோற்றையோ சூடு பண்ண மைக்ரோவேவ் போதும். சுமார் 1200 வாட் இழுக்கும் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் என்றால் 0.04 யூனிட்தான். ஆனால் நேற்றுப் பொரித்த மீனையோ சிக்கனையோ மைக்ரோவேவில் வைத்தால் நமத்துப்போகும். அதற்கு ஏர் ஃப்ரையரில் 160 டிகிரியில் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

மிச்சத்தைத் தின்றுவிடும் ஒரு விஷயம் உண்டு, அதுதான் இரண்டாவது ஈடு. நான்கு லிட்டர் கூடை இரண்டு மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். ஆறு பேர் விருந்துக்கு வரும்போது அதையே மூன்று தடவை ஓட்டினால் ஒரு மணி நேரம் ஆகிவிடும், ஒன்றரை யூனிட் வரை போகலாம். அன்றைக்கு ஓவன் இருந்தால் இரண்டு தட்டுகளை ஒன்றாக உள்ளே தள்ளுவதே சிக்கனம். இருக்கிற கூடையைத் தாராளமாகப் பயன்படுத்த இன்னொரு வழியும் உண்டு. மீன் துண்டு வேகும்போது பக்கத்திலேயே காலிஃபிளவரையும் கேரட்டையும் போட்டுவிடுங்கள். ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலை.

முன்கூட்டிச் சூடேற்றுவதைப் பெரும்பாலான நாட்களில் விட்டுவிடலாம். கேக், ரொட்டி போல வைத்த உடனே உப்ப வேண்டியவற்றுக்கு மட்டும் இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். காய்கறி, கோழி, கிழங்கு எல்லாம் குளிர்ந்த கூடையிலிருந்தே தொடங்கலாம். ஒருவேளை சூடேற்றினால் அப்போது பேக்கிங் தாளை வெறுமனே உள்ளே போடாதீர்கள். மேலே பாரம் இல்லாத தாள் காற்றில் பறந்து கம்பிச்சுருளில் ஒட்டித் தீப்பிடிக்கும்.

சரி, உங்கள் உருளைக்கிழங்குக்கு வருவோம். மேலே கருகி, அடியில் வதங்குகிறது என்றீர்களே, அதிலேயே காரணம் இருக்கிறது. கூடை நிரம்பியிருக்கிறது. வெப்பம் மேலிருந்து வருகிறது, காற்று துண்டுகளுக்கு நடுவே புகுந்து அடி ஓட்டை வழியாகத் திரும்ப வேண்டும். வழி அடைத்துக் கிடந்தால் மேல்வரிசை மட்டும் காய்ந்து தீயும். கீழே இருப்பவை ஒன்றன் ஆவியில் ஒன்று வெந்துகொண்டிருக்கும். துண்டுகளுக்கு இடையில் ஆங்காங்கே கூடையின் அடி தெரிகிற அளவுக்குப் போட்டால் போதும்.

அடுத்தது ஈரம். கழுவிய கிழங்கை அப்படியே போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரணச் சூட்டில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்கு வேண்டும், அதே தண்ணீரை ஆவியாக்க. ஈரம் போகும்வரை கிழங்கின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த வாசமும் 140 டிகிரிக்கு மேல்தான் நன்றாக வரத் தொடங்கும். ஆக, துடைக்காமல் விட்ட தண்ணீருக்கெல்லாம் நீங்கள் கரண்ட் கட்டுகிறீர்கள்.

நான் செய்யும் விதம் இது. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் எல்லாத் துண்டும் ஒரே அளவாக நறுக்குவேன். தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வைத்தால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். அது வெளியேறிய மாவுச்சத்து. வடித்து, பருத்தித் துணியில் கொட்டி, துணியில் ஈரம் ஒட்டாமல் போகும் வரை துடைக்க வேண்டும். பிறகு ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் உப்பும் சேர்த்துக் கையால் புரட்டினால் ஒவ்வொரு துண்டும் பளபளவென்று இருக்கும். 180 டிகிரி, சுமார் 20 நிமிடம். ஏழாவது நிமிடமும் பதினான்காவது நிமிடமும் கூடையை இழுத்து நன்றாகக் குலுக்குங்கள். முதல் குலுக்கலில் துண்டுகள் மெத்தென்று ஒன்றோடொன்று உரசும். கடைசியில் கலகலவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் எடுத்துவிடலாம்.

அவசரமாக இருந்தால் துடைப்பதற்கு முன் மைக்ரோவேவில் நான்கு நிமிடம் வேகவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாதி வெந்துவிடுவதால் ஏர் ஃப்ரையர் நேரம் நன்றாகக் குறையும், கரண்டும் கொஞ்சம் மிச்சம்.

நிறத்தில் மட்டும் ஆசைப்படாதீர்கள். மாவுச்சத்துள்ள உணவு 120 டிகிரிக்கு மேல் காய்ந்து சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகிறது. 2002-இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். எண்ணெய் குறைந்துவிட்டதால் ஏர் ஃப்ரையரில் இது வராது என்று நினைக்கக்கூடாது. கிழங்கை ஊறவைப்பதும், பொன்மஞ்சளில் நிறுத்திக் கரும்பழுப்புக்கு விடாமல் இருப்பதும் இதைக் குறைக்கும்.

கோழிக்கு நிறத்தை நம்ப வேண்டாம். வெளியே சிவந்துவிடும், எலும்பை ஒட்டிப் பச்சையாக இருக்கும். மிகத் தடிமனான இடத்தில் வெப்பமானியைச் செருகி 74 டிகிரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீராகக் கரைத்த மாவில் தோய்த்ததை உள்ளே வைக்காதீர்கள். அது உறைவதற்குள் சொட்டி ஓடிவிடும். கீரை மாதிரி லேசானவை பறக்கும்.

கூடையைத் தினமும் கழுவுங்கள். அடியில் தேங்கிய பழைய கொழுப்பு அடுத்த தடவை புகையும். ஒட்டாத பூச்சு இருந்தால் கம்பி நார் போட்டுத் தேய்க்காமல், வெந்நீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு மெல்லிய ஸ்பாஞ்சால் துடைத்தால் போதும். டப்பாவில் வரும் எண்ணெய் ஸ்ப்ரேக்களில் பலவற்றில் லெசித்தின் இருக்கும். அது பூச்சின்மேல் பிசினாகப் படியும், பிறகு எளிதில் போகாது. தூரிகையால் எண்ணெய் தடவுவதே நல்லது.

கடைசியாக ப்ளக். 230 வோல்ட்டில் இந்தக் கருவி சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும், 120 வோல்ட் நாடுகளில் 12.5 ஆம்பியர். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம், கெட்டிலோடு ஒரே பலகையிலும் வேண்டாம். நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். அடுத்த தடவை 20 நிமிடம் ஓடி முடிந்ததும் சுவிட்சை அணைத்து, ப்ளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட்டில் இணைப்பு தளர்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அதில் எதையும் செருகாதீர்கள்.